உன் மேசைக்கு வரும் பணம்

அன்பு மகளே,

வங்கியில் சந்தேகத்துக்குரிய பணப் பரிமாற்றங்களைச் சரிபார்க்கும் பிரிவுக்கு மாறியிருப்பதாக எழுதியிருந்தாய். "வெறும் காகித வேலை அப்பா, இதனால் எந்தப் போர் நிற்கப்போகிறது?" என்று கேட்டிருந்தாய். எனக்கென்னவோ, போர் உயிர் வளர்ப்பதே அந்தக் காகிதங்களில்தான் என்று தோன்றுகிறது.

சியரா லியோனை எடுத்துக்கொள். 1991-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் கிளர்ச்சிப் படை தோண்டியெடுத்த வைரங்கள் லைபீரியா வழியாக வெளியே போயின. அதே வழியில் ஆயுதங்கள் உள்ளே வந்தன. லைபீரிய மண்ணில் கிடைக்கக்கூடியதைவிடப் பல மடங்கு வைரம் அந்த நாட்டின் பெயரில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் வைரச் சந்தையில் பதிவானது. கணக்கு இடிக்கிறதே என்று அப்போதே கேட்டிருக்கலாம். கிளர்ச்சிப் படைகளின் வைரம் சந்தைக்கு வராமல் தடுப்பதற்கான கிம்பர்லி சான்றிதழ் முறை நடைமுறைக்கு வந்தது 2003-இல். போர் அதற்கு முந்தைய ஆண்டே முடிந்துவிட்டது.

இப்போது மியான்மர். 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, தாய்லாந்து எல்லையான மோய் ஆற்றங்கரையில், மியாவாடி நகரத்தைச் சுற்றி மோசடி வளாகங்கள் பெருகிவிட்டன. ஆயுதக் குழுக்களே காவல் நின்று பங்கு வாங்குகின்றன. கணினி வேலை என்று நம்பி பாங்காக்கில் இறங்கியவர்களை ஆற்றைக் கடத்திக் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். பிறகு ஒரு மேசை, சில கைபேசிகள். முகம் தெரியாத ஒருவருக்குத் தினமும் வணக்கம் சொல்லி, சாப்பிட்டீர்களா என்று விசாரித்து, அன்பு காட்டி, கடைசியில் "முதலீடு" செய்ய வைக்க வேண்டும். இலக்கு தவறினால் அடி, மின்அதிர்ச்சி. மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று 2023-இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் மதிப்பிட்டது. தப்பி வந்தவர்களையும் குற்றவாளிகளாக நடத்துகிறார்கள் என்று படிக்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஏமாந்தவரின் பணம் வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குகளில் சிதறி, கிரிப்டோவாக மாறி எல்லை தாண்டுகிறது. ஒருமுறை மாறிவிட்டால் மீட்பது மிகக் கடினம். அதற்கு முந்தைய சில மணி நேரம்தான் உன்னைப் போன்றவர்களின் கையில் இருக்கிறது.

அதனால் ஒன்று சொல்கிறேன். வயதானவர் ஒருவர் திடீரென்று புதிய கணக்குக்குச் சேமிப்பு முழுவதையும் அனுப்பினால், படிவத்தை நிரப்பியதோடு விட்டுவிடாதே. அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேச வழியிருக்கிறதா என்று பார். பணம் வாங்கும் ஆளை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று கேள். அவர் கோபப்படலாம், தாமதம் என்று மேலதிகாரி முறைக்கலாம். முறைக்கட்டும்.

அன்புடன்,
அப்பா