எங்கள் புகைப்படச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. மழையால் ஒன்று மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல நினைப்பது பழைய படங்களுக்கென்று ஒதுக்கிய மூன்று மாலைகளைப் பற்றி.

ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் நடுவே இருக்கும் டோரஸ் நீரிணைத் தீவுகளின் படங்களைத் திரையில் போட்டுப் பார்த்தோம். 1898-ல் தீவுக்காரர்களின் வாழ்க்கையை ஆராய, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து மானுடவியலாளர் ஹேடன் தலைமையில் ஏழு பேர் அங்கே போனார்கள். படம் எடுக்கும் வேலை ஆன்டனி வில்கின் என்ற மாணவருடையது. அந்தக் குழுவில் இருந்த செலிக்மன்தான் பிற்பாடு இலங்கை வேடர்களைப் பற்றி எழுதியவர்.

அந்தத் தீவுகளில் ஒன்றான மேரின் மாலு என்ற சடங்கைக் காட்டும் படத்துக்கு வந்ததும் அடுத்த படத்துக்குப் போக யாருக்கும் மனமில்லை. 1871-ல் மிஷனரிகள் வந்த பிறகு, ஆமை ஓட்டில் செய்த சடங்கு முகமூடிகள் அழிந்துபோயின. ஹேடன் கேட்டபோது தீவுக்காரர்கள் அவற்றை நினைவிலிருந்தே அட்டையில் செய்து, போட்டு ஆடியும் காட்டினார்கள். இன்று எஞ்சியிருக்கும் நாலு நிமிடச் சொச்ச அசைபடத்தில் அந்த ஆட்டமும் இருக்கிறது. கூர்ந்து பார்த்தால் அட்டை என்று தெரியும். ஆனாலும் ஆடுகிறவர் காலடியில் தடுமாற்றமே இல்லை.

அதே குழுவின் ரிவர்ஸ், யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டுக் கேட்டு, தீவின் வம்சாவளிகளை எழுதி வைத்தார். எடி மாபோவும் மற்ற மேர் தீவினரும் தங்கள் நிலத்துக்காக வழக்குப் போட்டபோது அந்தப் பெயர்கள் சாட்சியமாக உதவின. 1992 ஜூன் 3-ல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. மாபோ அந்த ஜனவரியிலேயே காலமாகியிருந்தார்.

அன்றிரவு வீட்டுக்குப் போய் என் பாட்டியின் கல்யாணப் படத்தை எடுத்துப் பார்த்தேன். பதினான்கு பேர் நிற்கிறார்கள். எனக்குப் பெயர் தெரிந்தது நாலு பேருக்குத்தான். கேட்கலாம் என்றால், விவரம் தெரிந்த அத்தை போன வருடம் போய்விட்டார். இதைச் சொன்னதும் கூட்டத்தில் பலருக்கும் இதே கதை இருந்தது.

சரி, இனியாவது எழுதி வைப்போம் என்று தீர்மானம் போட்டோம். படத்தின் பின்புறம், ஓரமாக, அழுத்தாமல் பென்சிலில் எழுத வேண்டும். பால்பாயின்ட் பேனா வேண்டவே வேண்டாம், முன்பக்கம் தடம் விழும்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு வீட்டுப் படத்தோடு, அதில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவரையும் அழைத்து வாருங்கள். பென்சில் சங்கச் செலவு.

இப்படிக்கு,
செயலாளர்