கடல் படிப்பு திருகோணமலைக்கும் வேணும்

ஆசிரியருக்கு வணக்கம்,

மகள் ஏ/எல் எழுதிட்டு ஓசனோகிராபி, அதாவது கடலைப் பற்றின விஞ்ஞானம்தான் படிப்பன் எண்டு நிக்கிறாள், சொந்தக்காரர் மீன் பிடிக்கவோ படிப்பு எண்டு கேக்கினம், மனசுக்கு சரியான கஷ்டமா இருக்கு. இங்கிலாந்தில சவுத்ஹாம்டன் யூனிவர்சிட்டியில டிகிரியும் மாஸ்டர்ஸும் சேர்த்து 4 வருஷத்தில ஒரே கோர்ஸா முடிக்கலாம், நீரோட்டம், உப்பு, கடலடி மண், கடல் உயிர் எல்லாம் அதுக்குள்ள வருது, கணக்கும் நல்லா வேணும். அந்தக் காசு எங்களால ஏலாது. ஆனா மகாவலி வந்து விழுற எங்கட கொட்டியாரக்குடாவில கடலுக்கடியில எவ்வளவு ஆழமான பள்ளத்தாக்கு கிடக்கு, வெளியில நீலத்திமிங்கிலம் வருது, புறாத்தீவில பவளப்பாறை இருக்கு, இப்பிடியொரு கோர்ஸை இங்கயே தமிழ்ப் பிள்ளையளும் படிக்கிற மாதிரி தொடங்கச் சொல்லி தயவுசெய்து உங்கட பத்திரிகையில எழுதுங்கோ.

ஒரு தாய்,
திருகோணமலை