தார்வாட் போய் வரலாம் என்றிருக்கிறேன்

கிருஷ்ணகிரி
ஆவணி முதல் வாரம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்திக்கு மொட்டை அடித்துக் காது குத்திய போட்டோவை அம்மாவிடம் காட்டினேன், மூக்கு அப்படியே உன் மூக்கு என்று சொல்லிவிட்டாள். கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து அம்மாவுக்கு எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது, டிவியில் கீழே ஓடுகிற எழுத்தைக்கூடப் படிக்கிறாள். இங்கே மாங்காய் சீசன் முடிந்து தோப்பு காலியாகக் கிடக்கிறது. பெங்களூரா காய் மரம் கொள்ளாமல் காய்த்தும், கூழ் ஆலையில் கொடுத்த விலை பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் சரியாகப் போனது. அவருக்கு மனசே விட்டுப் போய், பாதி மரத்தை எடுத்துவிட்டுத் தென்னை வைக்கலாமா என்று கேட்கிறார். நான் வேண்டாம் என்கிறேன். பார்ப்போம்.

சரி, இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தது வேறு ஒரு விஷயத்துக்காக. கார்த்திகை பிறந்ததும் நாலைந்து நாள் வட கர்நாடகத்துத் தார்வாட் போய் வரலாம் என்றிருக்கிறேன், ஹிந்துஸ்தானிப் பாடகர்கள் நிறையப் பேர் வந்த ஊர். நான் மட்டும். வீட்டில் சொன்னபோது அவர் முதலில் "தனியாவா, எதுக்கு?" என்றார், அப்புறம் அவரே ரயில் நேரமெல்லாம் பார்த்துச் சொன்னார். மகன்தான் "பாட்டு கேக்கணும்னா போன்லயே இருக்கேம்மா, அதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம்" என்கிறான். நீ அப்படிக் கேட்க மாட்டாய், ஆனால் மார்கழியில் சென்னைக்கு வா, சேர்ந்து கச்சேரி கேட்கலாம் என்பாய்.

சென்னை மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லைடி. யுனெஸ்கோ 2017-இல் அதை இசை நகரம் என்று பட்டியலில் சேர்த்ததற்கு முன்பே நமக்கு அது தெரிந்த விஷயம்தானே. காலையில் இலவசக் கச்சேரி, மத்தியானம் இளசுகள், சாயங்காலம் பெரியவர்கள், நடுவில் சபா கேன்டீன் சாப்பாடு என்று உன்னோடு அலைந்ததெல்லாம் மறக்கவே மறக்காது. ஆனால் அங்கே போனால் நாம் கச்சேரிக்குக் கச்சேரி ஓடுகிறோம். இந்த முறை நான் ஓட விரும்பவில்லை. ஒரு ஊரில் இத்தனை பாடகர்கள் எப்படி முளைத்தார்கள் என்று அந்தத் தெருக்களில் நடந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஆசையைக் கிளப்பியது ஹிந்துஸ்தானிப் பாடகர் மல்லிகார்ஜுன் மன்சூர் குரல். ராத்திரி கடையைச் சாத்திவிட்டுக் கணக்கு எழுதும்போது போனில் ஏதாவது ஓடவிட்டுக்கொண்டிருப்பேன், அப்படித்தான் ஒரு நாள் வந்து சேர்ந்தார். வயதான குரல். முன்னுரை, சுற்றி வளைப்பு எதுவும் கிடையாது, தம்பூரா கேட்ட மாத்திரத்தில் பாட்டுக்குள் போய்விடுகிறார், ஒரே மூச்சில் எங்கெங்கோ வளைந்து போய் இனி திரும்ப முடியாது என்று நாம் நினைக்கிற நேரத்தில் தாளத்தின் முதல் அடியில் வந்து நிற்கிறார், நின்ற உடனே அடுத்ததற்குக் கிளம்பிவிடுகிறார். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் தேடித் தேடிக் கேட்டேன். சுத்த நட், பஹாதுரி தோடி, சிவமத் பைரவ் என்று யாரும் அதிகம் பாடாத ராகங்களாகப் பாடியிருக்கிறார். மனுஷன் 1910-இல் தார்வாடை ஒட்டிய மன்சூர் என்ற கிராமத்தில் பிறந்தவர், சின்ன வயதில் நாடகக் கம்பெனியோடு போனவர். உனக்குப் பிடித்த செய்தி ஒன்று சொல்கிறேன்: அவருடைய முதல் பாடம் நம் கர்நாடக சங்கீதம், அப்பய்ய ஸ்வாமி என்பவரிடம். அதற்கப்புறம்தான் மிரஜில் நீலகண்ட புவாவிடமும், பிறகு அல்லாதியா கானின் பிள்ளைகள் மஞ்சி கான், புர்ஜி கானிடமும் போய் ஜெய்ப்பூர் கரானாவுக்காரர் ஆனார் (கரானா என்றால் ஹிந்துஸ்தானியில் ஒரு பாட்டுப் பரம்பரை). 1992-இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள், அதே வருஷம் செப்டம்பரில் போய்ச் சேர்ந்தார். தார்வாடில் அவர் இருந்த வீட்டுக்குப் பெயர் மிருத்யுஞ்சயா, இப்போது நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். முதல் நாள் காலை அங்கேதான்.

கன்னடம் பேசுகிற ஊரில் ஹிந்துஸ்தானி எப்படி இப்படி வேர் பிடித்தது என்று நீ கேட்பாய். நானும் இந்த ஒரு மாதமாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். 1956-இல் மாநிலங்களைப் பிரிக்கும்வரை தார்வாட் பம்பாய்ப் பக்கத்தோடு இருந்த ஊர். மராத்தி நாடகக் கம்பெனிகள் அந்த வழியாக வந்து போய்க்கொண்டே இருந்தன, அந்த நாடகப் பாட்டெல்லாம் ஹிந்துஸ்தானி மெட்டு. அதோடு மைசூர் மகாராஜா வடக்கத்திப் பாடகர்களை அழைப்பார், அவர்கள் போகிற வழியில் ஹுப்பள்ளி, தார்வாடில் தங்கிப் பாடுவார்கள், சொல்லியும் கொடுப்பார்கள். அப்படி வந்து தங்கினவர்தான் அப்துல் கரீம் கான். அவரிடம் படித்தவர் ஹுப்பள்ளி பக்கத்துக் குந்தகோள்காரர் சவாய் கந்தர்வா. அவரிடம் படித்தவர்கள் கங்குபாய் ஹங்கலும் பீம்சேன் ஜோஷியும். ஒரு ரயில் பாதை ஓரமாகவே மூன்று தலைமுறை.

அப்துல் கரீம் கானைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். அவர் தெற்கே வந்தபோது நம் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டவர், தியாகராஜ கீர்த்தனையைக் கற்றுக்கொண்டு இசைத்தட்டிலேயே பாடியிருக்கிறார், கரஹரப்பிரியாவில் 'ராம நீ ஸமானமெவரு'. தேடிக் கேள். நீ வீணையில் வாசிக்கிற அதே கீர்த்தனை, உச்சரிப்பு வேறு மாதிரி இருக்கும், ஆனால் சுரத்தை அவர் தொடுகிற மென்மை இருக்கிறதே, எனக்குக் கண் கலங்கிவிட்டது. 1937-இல் சென்னையில் பாடிவிட்டுப் பாண்டிச்சேரிக்கு ரயிலில் போகும்போது நெஞ்சு வலி வந்து, சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் இறங்கி, பிளாட்பாரத்திலேயே விரிப்பு போட்டு உட்கார்ந்து, கடவுளை நினைத்துப் பாடியபடி உயிர் விட்டார் என்று சொல்கிறார்கள். அடக்கம் மிரஜில். நீ தஞ்சாவூரிலிருந்து எழும்பூருக்கு எத்தனை தடவை போயிருப்பாய், செங்கல்பட்டு தாண்டியதும் வண்டி அந்த ஸ்டேஷனைத்தான் கடக்கிறது. இனிமேல் போகும்போது ஜன்னல் பக்கம் உட்கார்.

கங்குபாய் கதைதான் எனக்கு ரொம்ப நெருக்கம். 1913-இல் தார்வாடில் பிறந்தவர். அம்மா அம்பாபாய் கர்நாடக சங்கீதம் பாடுகிறவர். மகள் ஹிந்துஸ்தானி படிக்கிறாள், தன் பாட்டு அவள் காதில் கலந்துவிடக் கூடாது என்று அந்த அம்மா தன் பாட்டையே நிறுத்திக்கொண்டார். எந்த அம்மாவுக்கடி மனசு வரும்? பிறகு இவர் ஹுப்பள்ளியிலிருந்து குந்தகோளுக்கு ரயிலில் போய்ப் பாடம் கேட்டுவிட்டு ராத்திரி திரும்புவார். குரு ஒரே ஒரு சின்னச் சுர வரிசையைக் கொடுத்து அதையே நாள் கணக்கில் பாடச் சொல்வாராம். சின்னப் பையனாக அங்கே குருகுலவாசம் இருந்த பீம்சேன் இவரை ஸ்டேஷன்வரை கொண்டுவிடுவார் என்றும், வழியெல்லாம் அன்றைய பாடத்தைப் பாடிக்காட்டச் சொல்வார் என்றும் படித்தேன். தொண்டைக்குச் சிகிச்சை செய்த பிறகு கங்குபாய் குரல் தடித்து ஆண் குரல்போல ஆகிவிட்டது. இன்னொருத்தி என்றால் அதோடு பாட்டை விட்டிருப்பாள். இவர் அந்தக் குரலை வைத்துக்கொண்டே இன்னும் பல பத்தாண்டுகள் பாடினார், 2009-இல் இறக்கும்போது வயது தொண்ணூற்றாறு. அவருடைய மால்கௌன்ஸ் கேள், நம் ஹிந்தோளம்தான். கிணற்றில் இறங்குகிறவர் ஒவ்வொரு படியிலும் காலை ஊன்றி நின்று இறங்குவதுபோல ஒவ்வொரு சுரமாக நின்று போகிறார். கிரானா கரானாவின் வழியே அதுதானாம். மன்சூர் இதற்கு நேர் எதிர். எனக்கு இரண்டும் வேண்டும், யார் பெரியவர் என்கிற பேச்சே பிடிக்காது.

அதனால் இரண்டாம் நாள் ஹுப்பள்ளியிலிருந்து குந்தகோளுக்கு ரயிலில்தான் போவேன். இருபது கிலோமீட்டர் சுமாருக்குக் காரே வைத்துக்கொள்ளலாம், ஆனால் கங்குபாய் போன மாதிரி போக வேண்டும். அங்கே நாடிகேர் வாடா என்று ஒரு பெரிய பழைய வீடு இருக்கிறது, சவாய் கந்தர்வா நினைவாக வருஷா வருஷம் அங்கேதான் ராத்திரி முழுக்கப் பாடுவார்கள். நான் போகிற மாதத்தில் விழா இல்லை, பரவாயில்லை, வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

மூன்றாம் நாள் கதக், ஹுப்பள்ளியிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள். வீரேஸ்வர புண்யாசிரமம் என்று கேள்விப்பட்டிருக்கிறாயா? பார்வை இல்லாத பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு போட்டு, தங்க இடம் கொடுத்து, காசு வாங்காமல் சங்கீதம் சொல்லிக் கொடுக்கிற இடம். அதை வளர்த்த பஞ்சாக்ஷர கவாயிக்கும் அவர் சீடர் புட்டராஜ கவாயிக்கும் பார்வை கிடையாது. நான் கேள்விப்பட்டதில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இந்த இடம்தான். பெரிய பாடகர்களின் வீடுகள் எல்லாம் இப்போது நினைவு இல்லங்கள், இங்கே இன்றைக்கும் காலையில் ஹார்மோனியம் சத்தம் கேட்கும், ஒரு பிள்ளை சா பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முடிந்த தொகையை அரிசிக்குக் கொடுத்துவிட்டு வரலாம் என்று தனியே எடுத்து வைத்திருக்கிறேன். நேரம் இருந்தால் பக்கத்தில் லக்குண்டி, சாளுக்கியர் கோயில்கள்.

போகிற வழி சுலபம். நம்ம ஊருக்கு ரயில் இல்லாவிட்டாலும் பெங்களூர் பஸ் நிமிஷத்துக்கு ஒன்று. பொம்மசந்திராவில் இறங்கினால் இப்போது அங்கிருந்தே மெட்ரோ, ஆர்.வி. ரோடில் மாறி மெஜஸ்டிக் போய்விடலாம், சில்க் போர்டு நெரிசலில் நிற்க வேண்டாம். ராத்திரி ராணி சென்னம்மா எக்ஸ்பிரஸ், காலையில் தார்வாட். காலையில் வந்தே பாரத் இருக்கிறது, ஆனால் அதைப் பிடிக்க விடியற்காலையில் பெங்களூரில் இருக்க வேண்டும், எனக்கு ஒத்துவராது. ஹுப்பள்ளிக்கும் தார்வாடுக்கும் நடுவே தனிப் பாதையில் சிகரி பஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால் தார்வாடிலேயே ரூம் போட்டுக்கொள்கிறேன், ஸ்டேஷன் பக்கமாக, கீழே ஆள் நடமாட்டம் உள்ள லாட்ஜாக. மொழியும் பயம் இல்லை, நம் பக்கத்தில் கன்னடமும் தெலுங்கும் கேட்காமல் யார் வளர்ந்தோம்? அங்கே பேச்சு கொஞ்சம் முரட்டுத்தனமாக, இழுவை இல்லாமல் இருக்கும் என்கிறார்கள், இரண்டு நாளில் பழகிவிடும். சாப்பாட்டுக்கு கானாவளி என்கிற அந்த ஊர் மெஸ், அங்கே சோள ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய், வேர்க்கடலைச் சட்னிப்பொடி. ராகிக்களி தின்று வளர்ந்த எனக்கு அது போதும். மத்தியான வெயிலில் பேந்த்ரே வீட்டுப் பக்கம் சாதனகேரி ஏரிக் கரையில் ஒரு நடை. அவரும் தார்வாட் கவிஞர்தான், 1973-இல் ஞானபீடம் வாங்கியவர்.

ஏன் தனியாக என்று வீட்டில் அவர் கேட்டபோது எனக்கு உடனே சரியாகச் சொல்ல வரவில்லை, உனக்குச் சொல்கிறேன். பாட்டு கேட்கும்போது கூட யாராவது இருந்தால் என் பாதி கவனம் அவர்கள் மேல் போய்விடுகிறது. பசிக்கிறதோ, சலிப்பாக இருக்கிறதோ, கிளம்பலாம் என்று நினைக்கிறார்களோ என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித்தான், அதில் எனக்கு வருத்தமும் இல்லை, பிடித்துத்தான் செய்கிறேன். ஆனால் ஒரு மூன்று நாள் யாருக்கும் எதுவும் கேட்காமல், பிடித்த இடத்தில் பிடித்த நேரம்வரை உட்கார்ந்திருக்க வேண்டும் போல இருக்கிறது. நீ வந்தால் அப்படி இருக்காது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் இந்த ஒரு தடவை விட்டுவிடு. தை மாதம் திருவையாறு ஆராதனைக்கு உன் வீட்டுக்கு வருகிறேன், ஐந்து நாளும் காவிரிக் கரையில் உன்னோடுதான்.

ஒரு உதவி செய். அவர்கள் ராகம் எதற்கு நம் ராகம் எது என்று உனக்குத் தெரிந்தவரை ஒரு தாளில் எழுதி அனுப்பு. பூபாலி மோகனம், மால்கௌன்ஸ் ஹிந்தோளம், அவர்கள் தோடி நம் சுபபந்துவராளி, இதுவரை எனக்குத் தெரியும். மார்வா பக்கம் போனால் எனக்குக் குழப்பம். ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கும், அதாவது புரட்டாசி பிறந்ததும், அதற்குள் உன் கடிதம் வந்துவிட்டால் போகும்வரை கேட்டுப் பழகிக்கொள்வேன். தார்வாட் பேடா உனக்கு ஒரு கிலோ வாங்கி அங்கிருந்தே பார்சல் போட்டுவிடுகிறேன், சர்க்கரை அளவைப் போய்ப் பார்த்துவிட்டு எத்தனை சாப்பிடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா இல்லையா, அதையும் எழுது.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் தோழி