சென்சார் காட்டும் எண்ணும் அது நிற்கும் மண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேளாண் பகுதியில் அண்மையில் வந்த சென்சார் வழிப் பாசனம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். மண்ணின் ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மோட்டார் தானாக ஓடும், அதற்கு மேல் விவசாயிக்கு வேலையில்லை என்ற தொனியில் அது முடிந்திருந்தது. அந்த 30 எந்த மண்ணுக்கு என்று கட்டுரையில் எங்கும் இல்லை. அது சொல்லப்படாதவரை மற்ற எல்லாமே விளம்பரம்தான்.

மணற்பாங்கான நிலத்தில் உபரி நீர் வடிந்த பிறகு தங்குவதே கன அளவில் 10 முதல் 15 சதவீத ஈரம்தான். அங்கே 30-ஐ வரம்பாக வைத்தால் மோட்டார் நிற்கவே நிற்காது. தண்ணீரும், அதில் கரைந்த தழைச்சத்தும் வேருக்குக் கீழே போய்ச் சேரும். கனத்த களிமண்ணோ 40 சதவீதம் வரை பிடித்து வைக்கும். ஆனால் 20-25 சதவீதம் இருக்கும்போதே அங்கே பயிர் மீளமுடியாமல் வாடிவிடும். மீதி ஈரத்தை மண் விடாது. ஆக, 30 என்று காட்டும்போது பயிருக்குக் கிடைக்கக்கூடிய நீரில் ஏறத்தாழ பாதி தீர்ந்திருக்கும். ஒரே எண், ஒரு வயலில் வெள்ளம், இன்னொன்றில் பாதி காலி.

பரவலாக விற்கும் கெப்பாசிட்டிவ் சென்சார் தண்ணீரை நேரடியாக அளப்பதில்லை. மண்ணின் மின்காப்பு மாறிலியை (டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட்), அதாவது மின்புலத்தில் மண் எவ்வளவு மின்னாற்றலைத் தேக்கும் என்பதைக் குறிக்கும் எண்ணை அளக்கிறது. நீருக்கு அது சுமார் 80, உலர்ந்த மண்ணுக்கு 3 முதல் 5, காற்றுக்கு 1. இந்தப் பெரிய இடைவெளியை வைத்துத்தான் ஈரத்தைக் கணிக்கிறது. உப்பு மிகுந்த மண், களி மிகுந்த மண், வெயிலின் சூடு, மூன்றுமே கணக்கைத் தடம் மாற்றும். இன்னும் மலிவான, இரண்டு உலோகக் கால்கள் கொண்ட ரெசிஸ்டிவ் வகையில் மின்னோட்டம் பாயப் பாய கால்களே அரித்துப்போகும். அதை வயலுக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

பதிக்கும் விதத்தில்தான் பாதிப் பிழை நடக்கிறது. சென்சாரைச் சொருகும்போது ஆட்டி அழுத்தினால் தகட்டைச் சுற்றி மெல்லிய காற்றிடைவெளி விழும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியே ஈரத்தைக் குறைத்துக் காட்டப் போதும். அதே வெடிப்பு வழியாகப் பாசன நீர் இறங்கினால், கொஞ்ச நேரம் மிகை ஈரம் காட்டிவிட்டுச் சட்டென்று விழும். சென்சாரின் அளவுக்கே ஆகரால் (மண்ணைத் துளைக்கும் திருகு கருவி) துளை போட வேண்டும். எடுத்த மண்ணைச் சலித்துக் கல் நீக்கி, தண்ணீர் விட்டுக் குழைத்து, துளையில் ஊற்றி, சென்சாரை ஒரே நேர்கோட்டில் இறக்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு பாசனத்தின் அளவுகளைக் கணக்கில் எடுக்கக்கூடாது; மண் படிய அவ்வளவு காலம் பிடிக்கும்.

சொட்டுநீர்ப் பாசனத்தில், குழாயில் நீர் சொட்டும் சொட்டுவானுக்கு நேர் கீழே வைத்தால் எப்போதும் ஈரம், இரண்டு சொட்டுவான்களுக்கு நடுவே வைத்தால் எப்போதும் வறட்சி. சொட்டுவானிலிருந்து 10-15 செ.மீ. தள்ளி, நலமாக வளரும் செடியின் பக்கம் வைப்பது பொருத்தம். வாடிய செடியின் அடியில் வைத்தால், அது உறிஞ்சாத நீரைத்தான் சென்சார் காட்டிக்கொண்டிருக்கும். காய்கறிப் பயிர் என்றால் 20 செ.மீ. ஆழத்தில் ஒன்று, 40 செ.மீ. ஆழத்தில் இன்னொன்று. மேலே இருப்பது எப்போது பாய்ச்சலாம் என்று சொல்லும். கீழே இருப்பது எப்போது நிறுத்தலாம் என்று சொல்லும். ஒவ்வொரு பாசனத்துக்கும் கீழே உள்ள அளவு துள்ளினால், கூடுதலாகப் பாய்ச்சுகிறோம் என்று பொருள்.

அளவு திருத்தம் செய்ய ஆய்வகம் தேவையில்லை. 100 கன செ.மீ. உலோக வளையத்தால், சென்சாருக்கு அருகே, அதே ஆழத்து மண்ணை எடுத்து எடை போடுங்கள். 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். குறைந்த கிராம் எத்தனையோ அத்தனை சதவீதம் கன அளவு ஈரம். நல்ல ஈரம், நடுத்தரம், காய்ந்த மண் என மூன்று நிலைகளில் இதைச் செய்து, சென்சார் அந்நேரம் காட்டிய எண்ணோடு கோடு போட்டால் அந்த வயலுக்கான சூத்திரம் கிடைத்துவிடும்.

அதற்கும் நேரமில்லாதவர்கள், சென்சார் அளவு நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று காட்டும் வரைபடத்தின் வடிவத்தைப் பார்க்கலாம். நன்றாகப் பாய்ச்சி நிறுத்திய பின் முதலில் இரவு பகல் பாராமல் ஈரம் இறங்கும், அது வடிகால். ஓரிரு நாளில், களிமண்ணில் இன்னும் தாமதமாக, இரவில் கோடு தட்டையாகிப் பகலில் மட்டும் படிபோல் இறங்கும். அந்தப் படி, வேர் உறிஞ்சுவது. வடிகால் நின்ற அந்த எண்தான் உங்கள் மண்ணின் மேல் வரம்பு. பிறகு, வானிலை மாறாமலேயே பகல் படியின் உயரம் குறையத் தொடங்கினால் பயிர் நீருக்குத் தவிக்கிறது. பாசனத்தை அதற்குச் சற்று முன்பே தொடங்க வேண்டும். இந்த முறைக்குச் சதவீதம் சரியாக இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. ஒரே இடத்தில் நிலையாகக் காட்டினால் போதும்.

கட்டுரையில் புகழ்ந்திருந்த 'செவன் இன் ஒன்' கருவி பற்றியும் சொல்ல வேண்டும். மண்ணில் குத்தியவுடன் தழை, மணி, சாம்பல் சத்துகளைத் தனித்தனியே காட்டுவதாக விற்கப்படும் மலிவு ஆய்வுக்கோல்கள் உண்மையில் மின்கடத்துத்திறனை அளந்து, அதிலிருந்து ஒரு பெருக்கலால் மூன்று எண்களை உண்டாக்குகின்றன. ஒரு தொட்டி மண்ணில் சமையல் உப்புக் கரைசலை ஊற்றிப் பாருங்கள். மூன்று சத்துகளும் ஒன்றாக ஏறும். உப்பில் அந்த மூன்றும் கிடையாது. அந்த எண்ணைப் பார்த்து உரத்தைக் குறைப்பதும் கூட்டுவதும் குருட்டு வேலை. சத்துக்கு மண் பரிசோதனைதான்.

தகவல் அனுப்பும் பகுதியில் சிக்கல்கள் எளியவை, ஆனால் அலுக்காமல் திரும்பத் திரும்ப வரும். குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் தகவல் அனுப்பும் ரேடியோ முறையான லோராவான் கருவியை நடவின்போது முழங்கால் உயரத்தில் பொருத்துவார்கள். சிக்னல் அருமையாக இருக்கும். பயிர் ஆள் உயரம் வந்ததும் கருவி மௌனமாகிவிடும். ஈரமான இலைக்கூட்டம் ரேடியோ அலையை விழுங்கும். முழு வளர்ச்சியடைந்த பயிருக்கு மேலே ஆன்டெனா இருக்கும்படி முதலிலேயே கம்பம் நட வேண்டும். சிக்னல் பலவீனமானால் கருவி, வேகத்தைக் குறிக்கும் எஸ்எஃப் (ஸ்ப்ரெடிங் ஃபேக்டர்) எண்ணை 7-லிருந்து 12 வரை கூட்டி மெதுவாகப் பேசும். அதே செய்திக்கு 20 மடங்குக்கு மேல் நேரம் பிடிக்கும், பேட்டரியும் அதற்கேற்பக் கரையும். பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்ற புகார் பல நேரங்களில் ஆன்டெனா புகார்தான். மண் ஈரத்தை நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பவும் தேவையில்லை. 15 அல்லது 30 நிமிடம் தாராளம்.

பெட்டிக்குள் கேபிள் கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும். நுழையும் முன் கேபிளைத் தொங்கலாக வளைத்துவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். எலி கடிக்காமலிருக்க மண்ணுக்குள்ளும் மேலும் குழாய்க்குள் செலுத்துங்கள். துளைகளை அடைக்க மறந்தால் எறும்பு குடியேறும். அதற்கு இந்தப் பெட்டிகள் மேல் தனிப் பிரியம்.

வால்வைத் தானாக இயக்குவதுதான் ஆபத்தான இடம். கேபிள் அறுந்தாலோ சென்சார் மண்ணைவிட்டு வெளியே வந்தாலோ காட்டும் எண் பல கருவிகளில் 'மிக வறட்சி'தான். மென்பொருள் அதை நம்பி வால்வைத் திறக்கும். ஈரம் ஏறாததால் மூடவே மூடாது. அதனால் நம்பத்தகாத எல்லைக்குள் எண் வந்தால் எந்தச் செயலும் கூடாது என்ற விதி வேண்டும். எவ்வளவு நேரம் திறந்திருக்கலாம் என்ற உச்சவரம்பு, இணையத்தில் எங்கோ அல்ல, வால்வுப் பெட்டியிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் இணைப்பு போனவுடன் மூடும் கட்டளையும் போய்விடும். பேட்டரியில் இயங்கும் லாட்ச்சிங் சோலனாய்டில் (வால்வை மின்காந்தத்தால் நகர்த்தி, அந்த நிலையிலேயே நிறுத்தும் அமைப்பு) இன்னொரு கண்ணி உண்டு. அது திறக்க ஒரு துடிப்பு, மூட ஒரு துடிப்பு என்று மின்சாரம் கேட்கும். திறந்த நிலையில் பேட்டரி செத்தால் அப்படியே திறந்து கிடக்கும். மூடுவதற்குப் போதிய மின்சாரம் மிச்சமில்லாதபோது திறக்கவே கூடாது என்று அமைக்க வேண்டும். குழாயில் நீரோட்டத்தை அளக்கும் ஒரு ஃப்ளோ மீட்டரும் வேண்டும். திறக்கச் சொல்லியும் நீர் ஓடவில்லை, மூடச் சொல்லியும் ஓடுகிறது என்ற இரண்டையும் நேரடியாகக் காட்டிக்கொடுப்பது அதுதான்.

இனி இத்தகைய கருவிகளைப் பற்றி எழுதும்போது, விற்பவரிடம் மூன்று விவரங்களைக் கேட்டு அச்சிடுமாறு வேண்டுகிறேன்: சென்சார் நேரடியாக எதை அளக்கிறது, எந்த மண்ணில் அளவு திருத்தம் செய்யப்பட்டது, மாற்றம் செய்யாத மூல அளவை விவசாயி தரவிறக்கிக்கொள்ள முடியுமா. மூன்றாவதற்குப் பதில் 'இல்லை' என்றால், மேலே சொன்ன அளவு திருத்தத்தை வாங்கியவர் நம்பிச் செய்துகொள்வது கடினம்.

இப்படிக்கு,
பாசனக் கருவிகள் துறையைச் சேர்ந்த ஒரு வாசகர்