டப்பாவில் திரும்பி வரும் காய்கறிகள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். "நீங்க சொன்னா கேப்பான், காய் சாப்பிடச் சொல்லுங்க" என்று யாராவது ஒருவர் என்னிடம் கேட்காமல் ஒரு பெற்றோர் கூட்டமும் முடிவதில்லை. நான் சொன்னால் சாப்பிடுவான்தான், என் முன்னால் ஒரு வாய், அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு. நான் அந்தப் பக்கம் திரும்பியதும் மிச்சம் டப்பாவுக்குள் போய் மூடியும் போட்டாகிவிடும். இதில் யாருக்கு என்ன லாபம்? அதனால் இந்தப் பருவத்திலிருந்து மதிய உணவு நேரத்தில் ஆசிரியர்கள் யாரும் "முடிச்சிட்டுத்தான் எழுந்திருக்கணும்" என்று சொல்ல மாட்டார்கள். டப்பா காலியானால் ஸ்டாரும் கிடையாது, காலியாகாவிட்டால் திட்டும் கிடையாது. வீட்டிலும் இதையே செய்து பாருங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

சிலருக்குக் கோபம் வரும், தெரியும். ஆனால் சின்ன வகுப்புகளில் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் உட்கார்ந்து கவனித்தால் புரியும். ஒரு குழந்தை பட்டாணியை எடுக்கும், நசுக்கும், மோந்து பார்க்கும், நாக்கு நுனியில் வைத்துவிட்டு ஓரமாகத் தள்ளிவிடும். நமக்கு அது விளையாட்டாகத் தெரிகிறது. உண்மையில் அந்தப் பட்டாணியோடு அது பழகிக்கொண்டிருக்கிறது. புது உணவைக் கண்டு மிரள்வது இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை அதிகமாக இருக்கும், வளர்ச்சியில் அதுவும் ஒரு கட்டம். கசப்பை உணர்வதில் மரபணுவுக்கும் பங்கு இருக்கிறது, அதனால் முட்டைக்கோஸும் புரோக்கோலியும் சில பிள்ளைகளுக்கு நிஜமாகவே நம்மைவிட அதிகமாகக் கசக்கும். எல்லாமே அடம் இல்லை.

ஒரு காயைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து முறை வரைகூட அதைச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நாமோ மூன்று நான்கு முறையிலேயே "இவளுக்கு பீன்ஸ் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதி, அதை அவள் காதுபடவே விருந்தாளிகளிடமும் சொல்லிவிடுகிறோம், அவளும் அதையே பிடித்துக்கொள்கிறாள். அப்படிச் சொல்லாதீர்கள். தட்டில் ஒரே ஒரு துண்டு வையுங்கள், பக்கத்தில் அவளுக்குப் பிடித்தது ஏதாவது இருக்கட்டும், பிறகு அந்தத் துண்டைப் பற்றிப் பேசவே பேசாமல் உங்கள் தட்டில் இருப்பதை நீங்கள் சாப்பிடுங்கள். என்ன, எப்போது, எங்கே என்பது உங்கள் முடிவு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு.

"காயை முடிச்சா ஐஸ்கிரீம்" வேண்டவே வேண்டாம். அங்கே காய் வேலையாகிறது, ஐஸ்கிரீம் கூலியாகிறது, வேலையை யாருக்குப் பிடிக்கும்? துருவி ஒளித்துக் கொடுப்பது சத்துக்கு நல்லதுதான், ஆனால் அதை மட்டுமே செய்தால் குழந்தைக்குக் கேரட் என்னவென்றே தெரியாமல் போகும், கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் நீங்கள் கொடுக்கும் எதையும் கிளறிப் பார்த்துத்தான் சாப்பிடும்.

அளவு கேட்பவர்களுக்கு: பழமும் காயும் சேர்த்து ஒரு நாளைக்குக் குறைந்தது, இரண்டிலிருந்து ஐந்து வயதுக்கு 250 கிராம், ஆறிலிருந்து ஒன்பதுக்கு 350, பத்துக்கு மேல் 400 என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. நாளைக்கே தராசைத் தூக்காதீர்கள், போகப் போக எட்டினால் போதும். ஜூஸைப் பழக் கணக்கில் சேர்க்காதீர்கள், நார்ச்சத்து பெரும்பாலும் போய்விடும், சர்க்கரைதான் மிச்சம்.

எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்வது பசி. சமையல் முடிவதற்கு முந்தைய அரை மணி நேரம், "இன்னும் ஆகலையா" என்று சுற்றிச் சுற்றி வருவார்களே, அப்போது பிஸ்கட் டப்பாவை எடுக்காமல் நறுக்கிய வெள்ளரியையோ பழத்தையோ மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், கூப்பிடக்கூட வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்ட பிள்ளைக்கு எந்தக் காயும் ருசிக்காது.

டப்பா விஷயமும் இருக்கிறது. சூடு ஆறாமல் மூடினால் ஆவி இறங்கி மதியத்துக்குள் காய் கொழகொழவென்று ஆகி, திறந்ததும் ஒரு வாடை அடிக்கும், அதைப் பெரியவர்களே சாப்பிட மாட்டார்கள். ஆறவைத்து, ஈரம் இல்லாமல், டப்பாவுக்குள்ளேயே தனித் தடுப்பில் வையுங்கள். ஆப்பிள் துண்டுகளில் துளி எலுமிச்சைச் சாறு தடவினால் சீக்கிரம் கறுக்காது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் திராட்சையை முழுதாக அனுப்பவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும், நீளவாக்கில் நறுக்குங்கள்.

எடை குறைகிறது, சாப்பிடும் பொருள்கள் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வருகின்றன, வாயில் வைத்தாலே குமட்டுகிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள், எங்களிடமும் சொல்லுங்கள்.

ஒரு பிள்ளை மதியம் எதையுமே தொடவில்லை என்றால் டைரியில் எழுதி அனுப்பும்படி வகுப்பாசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். பீன்ஸ் மட்டும் திரும்பி வந்தால் எழுத மாட்டோம், நீங்களும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்