காய்ச்சல்காரரை ரூமுக்கு அனுப்பாதீர்கள், மருந்தகத்துக்கு அனுப்புங்கள்

சிங்கப்பூர்க் கட்டுமான நிறுவன முதலாளிகளுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் வணக்கம்.

ஊழியருக்குக் காய்ச்சல் என்றால் பல வேலையிடங்களில் இரண்டு பாரசிட்டமாலைக் கையில் கொடுத்து, "ரூமுக்குப் போய்ப் படு" என்று சொல்வதோடு சரி. வருகைப் பதிவேட்டில் 'உடம்பு சரியில்லை' என்று ஒரு வரி. இரண்டு வாரம் கழித்து அவரோடு கம்பி கட்டியவரும் படுக்கிறார்.

டெங்கியா ஃபுளூவா என்று ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. முதல் ஐந்து நாளுக்குள் ரத்தம் எடுத்தால், என்எஸ்1 சோதனையில் கிருமியின் புரதமே அகப்படும். நாளாக ஆக அது குறைந்துவிடும். டெங்கி உறுதியானால் மருத்துவரும் பரிசோதனைக்கூடமும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும், அது சட்டம். 150 மீட்டருக்குள், 14 நாளில், இரண்டு பேருக்கு வந்தாலே அந்த இடம் டெங்கிக் குழுமம்.

டெங்கிக் கிருமியில் நான்கு வகை உண்டு. எந்த வகையின் கை ஓங்குகிறது என்பதும் சோதனைக்கு வரும் ரத்தத்தில்தான் தெரியும். வகை மாறினால் பெரிய பரவல் வரலாம் என்று முன்கூட்டியே உஷாராகலாம். 2020இல் இங்கே 35,315 பேருக்கு டெங்கி வந்தது நினைவிருக்கும். சோதனைக்கே போகாத காய்ச்சல் இந்தக் கணக்கு எதிலும் ஏறாது.

உங்கள் பயம் புரிகிறது. தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வருவார்கள், லிஃப்ட் குழியில் தேங்கிய தண்ணீரிலோ தார்ப்பாய் மடிப்பிலோ கொசுப் புழு சிக்கினால் வேலையை நிறுத்தச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஆளை மறைத்தால் புழு போய்விடுமா? அவரைக் கடித்த கொசு 8 முதல் 12 நாளில் அடுத்தவருக்குப் பரப்பத் தயாராகிவிடும். அதிகாரிகள் எப்படியும் வருவார்கள், பத்துப் பேர் படுத்த பிறகு.

ஆகவே காய்ச்சல் கண்ட அன்றே மருத்துவரைப் பார்க்க மருந்தகத்துக்கு அனுப்புங்கள். எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்ததற்காக முகம் சுளிக்காதீர்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மட்டும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், டெங்கியாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும். அப்புறம் இன்னொன்று. மருந்தகத்தில் முகவரி கேட்டால் நம் ஆட்கள் தங்கும் டார்மிட்டரி முகவரியோடு நிறுத்திக்கொள்வார்கள். வேலையிட முகவரியையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் பெரும்பாலும் பகலில் கடிக்கும் கொசு. பகலில் அவர்கள் இருப்பது உங்களிடத்தில்தானே.

இப்படிக்கு,
வேலையிடப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர்