"ஸெனோ கதை புரியாது" என்று சொல்லும் கோலாலம்பூர் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையில் சனிக்கிழமை இரவு கூடி ஆர்பிஜி கேம் (ஒரு பாத்திரமாக மாறி நீண்ட கதையை விளையாடும் வகை) பற்றிப் பேசும் அண்ணன், தம்பி, தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் புதிதாக வந்த தங்கை கேட்ட கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும். ஸெனோபிளேட் 2 விளையாடுகிறார், அதில் நீலக் கூந்தலோடு கோஸ்-மோஸ் வந்து நிற்கிறாள், இவள் யார், எந்தக் கதையிலிருந்து வந்தாள் என்று கேட்டார். "அது ஸெனோசாகா, ஒன்றும் புரியாது, யூடியூப்ல சுருக்கம் பாத்துக்க" என்று நம்மில் பாதிப் பேர் ஒரே குரலில் பதில் சொன்னீர்கள், அப்புறம் கிங்டம் ஹார்ட்ஸா ஸெனோவா, எது அதிகக் குழப்பம் என்று பேச்சு திரும்பிவிட்டது. ஸெனோ என்று நாம் சொல்வது ஸெனோகியர்ஸ், ஸெனோசாகா, ஸெனோபிளேட் ஆகியவற்றை, கிங்டம் ஹார்ட்ஸ் வேறொரு ஆர்பிஜி தொடர். அந்தப் பதிலை இனி யாருக்கும் சொல்லாதீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். ஒரு கதை நம்மைக் குழப்புவதற்குப் பல காரணம் இருக்கலாம், எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி "புரியாது" என்று சீட்டு ஒட்டுவது அந்தக் கதைக்கும் நியாயமில்லை, கேட்டவருக்கும் நியாயமில்லை.

கிங்டம் ஹார்ட்ஸை முதலில் முடித்துவிடுகிறேன். 2002-ல் பிளேஸ்டேஷன் 2-ல் தொடங்கிய கதை, அதன் நேர்த் தொடர்ச்சி 2004-ல் கேம்பாய் அட்வான்ஸில் வந்தது. அதைத் தொடாமல் இரண்டாம் பாகத்தைப் போட்டவருக்கு நாயகன் ஸோராவைக் காணோம், ரோக்சாஸ் என்று யாரோ ஒரு பையன் மணிக்கணக்கில் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். பிறகு டிஎஸ், பிஎஸ்பி, 3டிஎஸ், கைப்பேசி என்று கதை கருவிக்குக் கருவி தாவியது. இத்தனையும் வாங்க செந்தூலிலோ கிள்ளானிலோ எந்த வீட்டில் காசு இருந்தது? வில்லன் ஸெஹனார்ட் என்ற ஒரே ஆள் இதயம் ஒருவனாகவும் உடல் வேறொருவனாகவும் பிரிந்து, கடைசியில் பதின்மூன்று பேராக வந்து நிற்பது உண்மையிலேயே சிக்கல்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சிக்கலைக்கூட வரிசையாக விளையாடினால் அவிழ்க்கலாம். 2017-ல் பிளேஸ்டேஷன் 4-க்குத் தொகுப்பாக வந்த பிறகு அந்த வரிசை பெரும்பாலும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, டிஎஸ்ஸில் வந்த கதை மட்டும் அதில் விளையாட்டாக இல்லாமல் காட்சிகளாக இருந்தாலும்.

ஸெனோகியர்ஸ் வேறு வகை. 1998-ல் ஸ்குவேர் வெளியிட்டது, டெட்சுயா டகஹாஷி இயக்கியது. அதன் முதல் பாதியில் வரும் குழப்பம் முழுக்க ஆசிரியர் தெரிந்தே போட்டது. கதாநாயகன் ஃபெய், லாஹான் என்ற கிராமத்தில் படம் வரைந்துகொண்டிருக்கும் ஒரு சாதாரணப் பையன். நிசான் தேவாலயத்தில் சோஃபியா என்ற பெண்ணின் முடிக்கப்படாத ஓவியம் ஒன்றைப் பார்க்கிறான், ஏதோ உறுத்துகிறது, நமக்கும் உறுத்துகிறது. பல மணி நேரம் கழித்துத்தான் ஐந்நூறு வருஷத்துக்கு முன் அதை வரைந்த லாக்கான் யார், ஃபெய் யார் என்பது தெரிகிறது. அவனுடைய பிறவிகள் பத்தாயிரம் வருஷம் பின்னால் போகின்றன, ஒவ்வொரு பிறவியிலும் அவன் நேசிக்கும் எல்லி இருக்கிறாள், ஒவ்வொன்றிலும் அவளை இழக்கிறான். முற்பிறவி, ஊழ், சாபம், கதைக்குள் கதை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உலகத்தில் வேறு யார் இதைப் புரியாது என்று சொன்னாலும் ஒரு தமிழர் சொல்லலாமா? எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது சிடிதான் பிரச்சினை, அது எல்லாருக்கும் தெரியும். ஃபெய்யும் எல்லியும் நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லிக்கொண்டே போகிறார்கள், நாம் நடந்து பார்க்க வேண்டிய ஊர்களும் சண்டைகளும் வாய்வார்த்தையாகக் கடந்துவிடுகின்றன. காரணத்தை டகஹாஷியே பிற்பாடு சொல்லியிருக்கிறார்: குழுவில் பலர் புதியவர்கள், குறித்த காலத்துக்குள் முடியவில்லை, முதல் சிடியோடு நிறுத்திவிடலாம் என்று யோசனை வந்தபோது எப்படியாவது கதையை முடிக்க அவர் கண்ட வழி அது. ஆக அங்கே நாம் திணறுவது கதை ஆழமாக இருப்பதால் அல்ல, பாதியைக் கட்டாமல் விட்டதால். இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுத்தாலே புதிதாக விளையாடுபவர் பயப்படமாட்டார். அந்தக் காலத்தில் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய சிடியோடு விளக்கப் புத்தகம் எதுவும் வராது, அப்படியும் நம் ஊர்ப் பிள்ளைகள் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடித்தார்கள்.

இப்போது ஸெனோசாகா. டகஹாஷி ஸ்குவேரை விட்டு வெளியே வந்து 1999-ல் தொடங்கிய மோனோலித் சாஃப்ட்டின் முதல் கேம் இது. கென்யாவின் துர்கானா ஏரிக்கரையில் ஸோஹர் என்ற பழம்பொருளைத் தோண்டி எடுக்கிறார்கள், அடுத்த காட்சியில் நாலாயிரம் வருஷத்துக்கும் மேல் தாவி விண்கலத்துக்குள் இருக்கிறோம். க்னோசிஸ், ரியலியன், யூஎம்என் என்று பெயர்கள் கொட்டுகின்றன, பாகங்களின் தலைப்பே ஜெர்மன் தத்துவவாதி நீட்ஷேவிடமிருந்து எடுத்தது. கனமான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் 2002-ல் வந்த முதல் பாகத்தை நிதானமாக விளையாடினால் பொறியாளர் ஷியோனின் பயமும், அவள் குழு உருவாக்கிய போர் ரோபோ கோஸ்-மோஸின் மௌனமும் நன்றாகவே புரியும். சறுக்கல் 2004-ல் வந்த இரண்டாம் பாகத்தில். முகங்களின் பாணியே மாறியது, ஆங்கிலத்தில் ஷியோனுக்கும் கோஸ்-மோஸுக்கும் குரல் மாறியது, ஆறு பாகமாகத் திட்டமிட்ட கதை மூன்றாகச் சுருங்கியது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஷியோன் ஏன் வேலையை விட்டாள் என்பது ஜப்பானிய மொழியில் இணையத்தில் வந்த ஒரு சிறு அனிமேஷனில் போய்ச் சேர்ந்தது, ஐரோப்பாவில் இரண்டாம் பாகம் மட்டும்தான் விற்பனைக்கே வந்தது. இப்படி வெட்டிப் போட்டால் எந்தக் கதைதான் நேராக நிற்கும்? அப்படியிருந்தும் 2006-ல் மூன்றாம் பாகம் அத்தனை நூலையும் பிடித்து இழுத்து முடிச்சுப் போட்டது, உள்ளேயே ஒரு பெரிய சொல்விளக்கத் தொகுப்பும் வைத்தது. அதன் கடைசி மணி நேரங்களைச் சுருக்க வீடியோவில் பார்த்தவர் கதையின் தகவலைத் தெரிந்துகொண்டிருப்பார், அழுதிருக்கமாட்டார்.

இன்னொரு விஷயம், இதை அந்த மேசையில் யாருமே சொல்வதில்லை. ஸெனோகியர்ஸ் ஸ்குவேருடையது, ஸெனோசாகா நாம்கோவுடையது, ஸெனோபிளேட் நிண்டெண்டோவுடையது. ஒரே மனிதர் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்ட தனித்தனிக் கதைகள் இவை, ஒரே கதையின் பாகங்கள் அல்ல. ஸோஹர், ஆபேல் என்று பெயர் ஒத்திருப்பதைப் பார்த்து மூன்றையும் ஒரே கால வரிசையில் அடுக்கப் பார்ப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. அதற்கு கேம் பொறுப்பில்லை, அப்படி வரைபடம் போட்டுக் காட்டும் நாம்தான் பொறுப்பு.

2010-ல் வந்த ஸெனோபிளேட் தெளிவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. உலகம் எப்படிப்பட்டது, இரண்டு பூத உடல்கள் சண்டையிட்டு உறைந்து நிற்கின்றன, மனிதர்கள் அவற்றின் மேல்தான் வாழ்கிறார்கள் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. திருப்பங்கள் குறையவில்லை, காலூன்ற இடம் கொடுத்துவிட்டுத் திருப்புகிறது, அவ்வளவுதான்.

அதனால் அடுத்த முறை யாராவது கேட்டால், முதல் ஸெனோபிளேடில் தொடங்கச் சொல்லுங்கள், பிடித்திருந்தால் ஸெனோகியர்ஸ், இரண்டாவது சிடியில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எச்சரித்துவிட்டு. ஸெனோசாகாவை முதல் பாகத்திலிருந்து வரிசையாக, நடுவில் வீடியோ பார்க்காமல். நாம் சில பேர் சேர்ந்து உட்கார்ந்தே விளையாடலாம், என் வீட்டில் பழைய பிளேஸ்டேஷன் 2 இன்னும் ஓடுகிறது. முதல் பாகமும் மூன்றாம் பாகமும் இருக்கின்றன, இரண்டாம் பாகத்தின் சிடியில் கீறல். உங்களில் யாரிடமாவது நல்ல சிடி இருந்தால் சனிக்கிழமைக்கு முன் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.